எந்த இல்லை?

முப்பத்தோரு பேரில் ஒன்பது பேர் இல்லை என்று புள்ளி எழுதிக் கொடுத்தாள். பெரிய டாக்டரம்மா தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வெள்ளைக் கோட்டின் நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். துடைத்ததில் ஒன்பது எட்டாகிவிடவில்லை.

"ஒன்பதா?"

"ஒன்பது, மேடம்."

"ரெண்டு தடவ எண்ணினியா?"

"மூணு தடவ."

டாக்டரம்மா தாளை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் நடந்து போன விதம், தாளோடு ஒன்பது பேரையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போவது மாதிரி இருந்தது.

இதயப் பிரிவில் அவளுக்குப் புள்ளி என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் அவள் படித்த புள்ளியியல். டாக்டரம்மாவுக்கும் ஒரு பெயர் உண்டு: பெரும்புள்ளி. ஆனால் அதை அவர் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். இவளை முகத்துக்கு நேராகவே புள்ளி என்பார்கள். மருத்துவமனையில் யார் மேலே, யார் கீழே என்பதைத் தெரிந்துகொள்ள இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். 'எம் பொண்ணு பெரிய ஆஸ்பத்திரியில போன் பேசுது' என்று அவளுடைய அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கேட்டவர்கள் 'எங்க வீட்லயும்தான் எந்நேரமும் பேசுது' என்றார்களாம்.

அவள் வேலை போன் பேசுவதுதான். வயதாக ஆக இதயத்தின் வாசல் கதவு மாதிரி இருக்கும் வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போகும். நாலு அடி வைப்பதற்குள் மூச்சு முட்டும். முன்பெல்லாம் நெஞ்சைப் பிளந்து மாற்றுவார்கள். இப்போது தொடையில் சின்ன துளை போட்டு, ரத்தக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, குடையை மடித்துக் கொண்டுபோவது போலப் புது வால்வை மடித்துக் கொண்டுபோய், பழையதற்குள்ளேயே விரித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேர வேலை. மூன்றாம் நாள் வீடு. எழுபது, எண்பது வயதுக்காரர்களுக்குச் செய்வதைப் பற்றி யாருக்கும் சண்டையில்லை. தொண்ணூறு தாண்டியவர்களுக்குச் செய்யலாமா என்பதுதான் சண்டை. செய்து ஒரு வருடம் ஆனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீடாகப் போன் போட்டு விசாரித்து அட்டவணை போட வேண்டும். முன்பு சக்கர நாற்காலிகளை அடைத்துவைத்திருந்த அறையில், ஒரு மேசை, ஒரு போன், காயப்போட்ட படுக்கை விரிப்புகளைப் பார்த்த ஒரு ஜன்னல் என்று உட்கார்ந்து அவள் அதைச் செய்தாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நிர்வாகக் கூட்டம். இனித் தொண்ணூறுக்கு மேல் யாருக்கும் இந்த வால்வு கிடையாது என்று வரம்பு வைக்கலாமா என்பது அன்று முடிவாகும். மூன்றில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் போய்விடுகிறார் என்று அட்டவணை சொன்னால் வாதாட என்ன இருக்கிறது? வரம்பு வந்துவிடும். வந்தால், மூன்றாவது மாடி வார்டில் பதினோரு நாளாகக் காத்திருக்கும் கண்டக்டர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

கண்டக்டருக்குத் தொண்ணூற்றோரு வயது. வேலைபார்த்த காலமெல்லாம் பேருந்தில் நின்றுகொண்டே காலம் தள்ளியவர். இப்போது கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டும். அந்த மூன்று நிறுத்தங்களுக்கும் பெயர் வைத்திருந்தார்: ஜன்னல், தண்ணீர் கேன், நர்ஸ் மேசை. நர்ஸ் மேசை வந்ததும் 'எறங்கறவங்கல்லாம் எறங்கிக்கலாம்' என்று அறிவித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்வார். அறிவித்த மூச்சையும் சேர்த்துத் திருப்பி வாங்க வேண்டியிருக்கும். ஆனாலும் அறிவிக்காமல் விடமாட்டார். கூட இருந்தது அவருடைய ஒரே மகள், அறுபத்து நாலு வயதுத் தையல்காரம்மா. புள்ளியின் அறையைத் தாண்டும்போதெல்லாம் தலையை நீட்டி, எப்போது முடிவாகும் என்று கேட்டுவிட்டுப் போவார். செவ்வாய்க்கிழமை மாலை அவர் கேட்டபோது புள்ளி கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் போட்ட ஒன்பதுதான் அந்த அம்மாளின் அப்பாவை வீட்டுக்கு அனுப்பப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும். அந்த அம்மாளுக்குத் தெரியாது.

புதன்கிழமை காலை, அவள் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. போன் அடித்தது.

"ஆஸ்பத்திரியா? போன வாரம் என்னைக் கேட்டது நீங்கதானா?"

யார் பேசுவது என்று கேட்டாள்.

"கடிகாரம் ரிப்பேர் பாக்கறவன்மா. போன வருஷம் தொடையில ஓட்டை போட்டு வால்வு வெச்சீங்களே. நான் இல்லேன்னு மருமகப்புள்ள சொன்னாராம். நீங்க ரொம்ப வருத்தப்பட்டீங்களாம்."

புள்ளி அட்டவணையைப் பார்த்தாள். வரிசை எண் நான்கு. வயது தொண்ணூற்று மூன்று. இல்லை.

"முடி வெட்டிக்கப் போயிருந்தேம்மா. அதுக்குப் போயி இவ்வளவு வருத்தப்படலாமா? வீட்ல கூட யாரும் என்னை இப்படித் தேடறதில்ல. மனசு கேக்கல, அதான் நானே கூப்பிட்டேன்."

கேட்க வேண்டிய இருபத்து நாலு கேள்விகளையும் கேட்டாள். மாடி ஏறுகிறார். தானே குளிக்கிறார். கண் பார்வைதான் மோசம், அதற்கும் தொடை வழியாக ஏதாவது செய்ய முடியுமா என்று விசாரித்தார். போனை வைத்த பிறகு மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த அட்டையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த அட்டையை எழுதியவர் மருத்துவமனையின் மக்கள் தொடர்பு அலுவலர். எதற்கெடுத்தாலும் மரியாதை, மரியாதை என்பதால் அவர் பெயரே மரியாதை. இவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று எப்படிக் கேட்பாய் என்று அவளிடம் கேட்டார். 'உயிரோட இருக்காரான்னு கேப்பேன்' என்றாள். அவர் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல முகத்தைச் சுளித்து, அதெல்லாம் படிக்காதவர்கள் கேட்கும் விதம் என்றார். பிறகு பிளாஸ்டிக் உறை போட்ட இந்த அட்டையைக் கொடுத்தார். வணக்கம் சொல்லவும். 'ஐயா இருக்காங்களா?' அல்லது 'அம்மா இருக்காங்களா?' என்று கேட்கவும். இருந்தால் இருபத்து நாலு கேள்விகள். இல்லை என்றால், 'மிகவும் வருந்துகிறோம்' என்று கூறி, மேற்கொண்டு துயரம் தராமல் அழைப்பை முடிக்கவும்.

அவள் தெருவில் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். 'இருக்கானா, போய்ச் சேர்ந்துட்டானா' என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே உடைத்துக் கேட்பார்கள். பதிலும் உடைந்தே வரும். ஆனால் அன்று மரியாதை முகத்தைச் சுளித்ததைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. தன் வாயிலிருந்து தெரு வாசனை வருகிறதோ என்று பயந்து, அந்த அட்டையை மனப்பாடம் செய்து, கிளி மாதிரி ஒப்பித்தாள். செத்ததைச் சொல்லத் தமிழில் எத்தனை சொல் இருக்கிறது! காலமானார், மறைந்தார், தவறிவிட்டார், இறைவனடி சேர்ந்தார், மண்டையைப் போட்டார், டிக்கெட் வாங்கிவிட்டார். இத்தனையும் விட்டுவிட்டு, கடைக்குப் போனவனுக்கும் சுடுகாட்டுக்குப் போனவனுக்கும் ஒரே மாதிரிப் பொருந்துகிற ஒரு 'இல்லை'யைத் தூக்கி அட்டவணையில் போட்டிருக்கிறாள். மூன்று தடவை எண்ணினாளாம், மூன்று தடவை. அவள் மேல் அவளுக்கே வந்த கோபத்தில் அட்டையை உருவிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

டாக்டரம்மா அறுவை அறைக்குப் போகும் வழியில் கை கழுவிக்கொண்டிருந்தார். புள்ளி வாசலில் நின்றே, ஒன்பது ஒன்பதில்லை என்றாள்.

"அப்ப எவ்வளவு?"

"தெரியாது, மேடம். நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள சொல்றேன்."

டாக்டரம்மா முழங்கை வரை நுரையோடு அவளைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தோரு பேரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாது என நான் அங்கே போய்ச் சொன்னால், வால்வோடு சேர்த்து என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். பிறகு முழங்கையால் குழாயை மூடிவிட்டு உள்ளே போனார்.

மிச்சம் எட்டு வீடு. முதல் எண்ணை அழுத்தினாள். ஒரு பெண்குரல் எடுத்தது.

"உங்க வீட்டுப் பெரியவர் உயிரோட இருக்காரா?" என்று புள்ளி கேட்டாள்.

"இருக்காரு. ஏன், உங்களுக்கு வேணுமா?"

மருமகள்தான். அவளுக்கே அறுபத்தேழு வயதாம். கேள்விகளுக்குக் காத்திருக்காமல் கொட்டித் தீர்த்தாள். வால்வு வைப்பதற்கு முன்னால் மாமனார் மூலையில் உட்கார்ந்து தானுண்டு தன் இருமலுண்டு என்று இருந்தாராம். இப்போது காலையில் எழுந்ததும் வீடு முழுக்க நடந்து, ஆள் இருக்கும் அறையிலும் சேர்த்து விசிறி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டே வருகிறாராம். சமையலறைக்கு வந்து பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடுகிறாராம். 'ஏதாவது சொன்னாத்தான் திருப்பிச் சொல்லலாமே' என்றாள். போன வாரம் எங்கே போயிருந்தார் என்று புள்ளி கேட்டாள். பக்கத்து வீட்டு விளக்கை அணைக்கப் போயிருந்தாராம்.

அடுத்த எண்ணில் ஒரு மகன் எடுத்தார்.

"அப்பா போயிட்டாரே."

புள்ளிக்கு இப்போது புத்தி வந்திருந்தது. "எங்க போயிட்டார்?"

"மேல."

"மேலன்னா?"

"மேலன்னா மேலதான். மொட்டை மாடிக்கு. தண்ணித் தொட்டிய எட்டிப் பாக்காம அவருக்குச் சாப்பாடு எறங்காது. கூப்பிடட்டுமா? கூப்பிட்டா வரமாட்டார், நீங்க வேணா ஏறி வாங்க."

அப்போதுதான் அறை வாசலில் மரியாதை நின்றிருப்பதைப் பார்த்தாள். எத்தனை நேரமாக நின்றாரோ. 'உயிரோட இருக்காரா' என்ற சொல் நடைபாதை வரைக்கும் கேட்கிறது, நோயாளிகளின் உறவினர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றார். அட்டை எங்கே என்றார். குப்பைக் கூடையை எட்டிப் பார்த்ததும் அவர் முகம் அவருடைய சட்டையைப் போல வெளுத்தது. நாளைக்குக் கூட்டத்தில் இதையும் பேசுவோம் என்று சொல்லிவிட்டு மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மூன்றாவதாக எடுத்தது ஒரு வயதான பெண். புள்ளி அதே வேகத்தில் கேட்டாள்.

"இல்லம்மா," என்றார் அவர். "போன வாரமே சொன்னேனே."

"எங்கயாவது போயிருக்காரா?"

"செத்துட்டாரும்மா. நாலு மாசமாச்சு. ரெண்டு தடவ கேக்கறீங்க, ரெண்டு தடவ சொல்ல வெக்கிறீங்க."

வருந்துகிறோம் என்ற சொல்லை அட்டையோடு கூடையில் போட்டாகிவிட்டது. அதைக் குனிந்து எடுக்கப் புள்ளிக்கு மனமில்லை. தப்பு தன்னுடையது என்றாள். முதல் தடவையே ஒழுங்காகக் கேட்கவில்லை, அதனால்தான் மறுபடி கேட்க வேண்டிவந்தது என்றாள். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் வைக்கவில்லை. எதற்காகக் கேட்கிறாய் என்று விசாரித்தார். இன்னொரு தொண்ணூற்றோரு வயதுக்காரர் மாடியில் காத்திருக்கிறார், அவருக்குச் செய்யலாமா என்று முடிவெடுக்கத்தான் என்றாள் புள்ளி.

"அப்படின்னா எழுதிக்க. ஆபரேசனுக்கு அப்புறம் எட்டு மாசம் இருந்தார். அந்த எட்டு மாசமும் தானே குளிச்சார். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் நான்தான் குளிப்பாட்டினேன். அவருக்கு அது செத்துப்போறதவிட மோசம். நீ வெறும் இல்லேன்னு எழுதினா, அந்த எட்டு மாசமும் இல்லேன்னு ஆயிடும்."

படிவத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் எழுதினாள்.

மீதியில் மூன்று பேர் உண்மையாகவே இல்லை. ஒருவர் சிகிச்சை முடிந்த மூன்றாம் வாரமே மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துப் போனவர். ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து, எழுந்திருக்காமலே போனவர். இன்னொருவருக்கு நிமோனியா. எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினாள். ஏழாவதாகக் கூப்பிட்ட எண்ணில் மட்டும் கணீரென்று ஒரு குரல் எடுத்தது. தொண்ணூற்றிரண்டு வயதுத் தலைமையாசிரியை. பட்டியலில் 'இல்லை' என்று இருந்தவர். போன வாரம் இல்லை என்று சொன்னது யார் என்று புள்ளி கேட்டாள்.

"நான்தான் சொன்னேன்."

"நீங்களே, நீங்க இல்லேன்னு சொன்னீங்களா, டீச்சர்?"

"வணக்கம், அம்மா இருக்காங்களான்னு தேன் ஒழுகக் கேட்டா எதையோ விக்க வர்றான்னுதானே அர்த்தம். இல்லேன்னேன். மிகவும் வருந்துகிறோம்னு வெச்சுட்டே. இப்பத்தான் மனுஷி மாதிரிப் பேசற. கேளு, என்ன வேணும்?"

இடது கை கொஞ்சம் மரத்துப்போகிறது, வால்வு வைத்த மறுநாளிலிருந்து அப்படித்தான், ஆனால் வலது கையால்தான் எழுதுகிறேன் என்றார். அதையும் எழுதச் சொன்னார். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொன்னார்.

ஒன்பதாவது ஆள் மட்டும் அகப்படவில்லை. அந்த எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. போன வாரம் எடுத்த ஏதோ ஒரு குரல் இல்லை என்று சொன்னதோடு சரி. புதன்கிழமை முழுவதும் முயன்றும் யாரும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே அவள் முகவரியைத் தேடிக்கொண்டு கிளம்பினாள். இரும்புப் படிக்கட்டு வைத்த மூன்று மாடிக் கட்டடம். கீழே மிதிவண்டிக்குப் பஞ்சர் ஒட்டும் கடை. கடைக்காரரிடம் பெரியவரைப் பற்றிக் கேட்டாள். இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எந்த இல்லை என்று சொல்லுங்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டாள். அவர் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேசாமல் முதல் மாடியைக் கை காட்டினார்.

கதவைத் திறந்தவருக்குத் தொண்ணூற்று நாலு வயது. அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்து, 'தொடர் கண்கானிப்பு' இல்லை, 'கண்காணிப்பு', மூன்று சுழி ணி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். போன் மேசை இழுப்பறையில் இருக்கிறது, மகனுடையது, போன வாரம் தான் கடைக்குப் போயிருந்தபோது எடுத்தவன் அவன்தான், அது அடித்தால் தனக்குக் கேட்காது என்றார்.

உயிரோடு இருக்கிறார் என்பதைக் கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது. புள்ளி மகிழ்ச்சியோடு பேனாவை எடுத்தாள்.

"இல்லேன்னே எழுது," என்றார் அவர்.

"ஐயா, எதிர்ல நிக்கிறீங்களே."

"நிக்கிறேன். நடக்கிறேன். மாடி ஏறி எறங்கறேன். மேல் மாடியில என் சிநேகிதன் இருந்தான், ஏறிப் போய்ப் பேசிட்டு வருவேன். போன மாசம் அவனும் போயிட்டான். இப்ப மாடி ஏறி என்ன பண்ணச் சொல்ற? நீ இருக்கார்னு எழுதினா, அங்க பெரிய சாதனை மாதிரி கை தட்டுவானுங்க. எனக்கு வேணாம்னேன். என்கிட்ட யாரு கேட்டா? மகன் கையெழுத்துப் போட்டான், டாக்டர் தலையாட்டினார், நான் கண்ணு முழிச்சுப் பாத்தா வால்வு."

பொய் எழுத மாட்டேன் என்றாள் புள்ளி. மெய்யை மட்டும் பாதி எழுதுவாயா என்றார் அவர். இருவரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள். கடைசியில் அவள் 'இருக்கிறார்' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் அவர் சொன்னதையும் எழுதிக் காட்டினாள். அவர் அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினார்.

"'என்னை கேட்டு செய்யவில்லை'ன்னு எழுதியிருக்க. என்னைக். க் போடு. கேட்டுச். ச் போடு. ஒற்று ரெண்டையும் முழுங்கிட்டு என்ன பட்டம் வாங்கின?"

இரண்டையும் அவரே போட்டார்.

கூட்டத்தில் பன்னிரண்டு நாற்காலிகள். புள்ளிக்குச் சுவரோரம் ஒரு பதின்மூன்றாவது. டாக்டரம்மா எழுந்து, ஒரு வருட முடிவில் முப்பத்தோரு பேரில் இருபத்தேழு பேர் உயிரோடு இருக்கிறார்கள், நாலு பேர் இல்லை என்றார். முதலில் வேறு எண் சொன்னதாகக் கேள்விப்பட்டேனே என்றார் நிர்வாகத் தலைவர். மரியாதை கனைத்துக்கொண்டு எழுந்தார். ஊழியர் ஒருவர் விதிமுறையை மீறியதையும், நோயாளிகளின் வீடுகளில் அமங்கலமான சொற்களைப் பயன்படுத்தியதையும் அழகான தமிழில் விவரித்தார். எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள்.

அட்டையைப் படித்துக் கேட்டபோது ஐந்து பேரைக் கொன்றுவிட்டேன், அமங்கலமாகக் கேட்டபோது ஐந்து பேரும் எழுந்து வந்துவிட்டார்கள் என்றாள் புள்ளி. யாரோ சிரித்து, சிரித்ததை இருமலாக மாற்றினார்கள். ஆனால் முதலில் போட்ட தப்பு என்னுடையதுதான், அட்டையின் மேல் போட முடியாது என்றும் சொன்னாள்.

தலைவர் விடவில்லை. இருக்கிறார்கள், சரி, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். அந்த வயதில் வால்வு வைத்து என்ன பிரயோஜனம்? டாக்டரம்மாவின் தாளில் அது இல்லை. அவர் புள்ளியைப் பார்த்தார். புள்ளி படிவங்களின் ஓரங்களை வாசித்தாள். தானே குளித்த எட்டு மாதம். மொட்டை மாடி. பக்கத்து வீட்டு விளக்கு. மரத்துப்போன இடது கை. உடைந்த இடுப்பு. நல்லதை மட்டும் பொறுக்கி வாசித்திருக்கலாம்; டாக்டரம்மாவின் கண்கள் அதைத்தான் கேட்டன. அவள் கடைசியையும் வாசித்தாள்: இருக்கிறார், மாடி ஏறுகிறார், என்னைக் கேட்டுச் செய்யவில்லை என்கிறார்.

போச்சு, கண்டக்டரை நானே ஊருக்கு அனுப்பிவிட்டேன் என்று புள்ளி நினைத்தாள்.

டாக்டரம்மா மெதுவாக உட்கார்ந்தார். அந்தப் பெரியவருக்கு வால்வு வைத்தது தான்தான் என்றார். மகனிடம் அரை மணி நேரம் பேசினேன், மனைவி இல்லையா என்று விசாரித்தேன், ரத்தம் எடுத்தேன், படம் எடுத்தேன். அவரிடம் 'வாயைத் திறங்க' என்பதைத் தவிர ஒரு வார்த்தை கேட்ட நினைவில்லை என்றார். அப்புறம் தலைவர் பக்கம் திரும்பினார்.

"வயசுக்கு வரம்பு வெச்சா, வேணும்ங்கறவங்களையும் சேர்த்துத் துரத்துவோம். வரம்பு வேணாம். ஆளைக் கேப்போம். புள்ளையும் பொண்ணும் பக்கத்துல இல்லாம, தனியா. வேணாம்னா விட்டுடுவோம்."

அரை மணி நேரம் பேசினார்கள். கேட்பதற்கு ஒரு அட்டை தயாரிக்கலாமா என்றார் மரியாதை. வேண்டாம் என்று ஏழு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வயது வரம்பு கைவிடப்பட்டது; ஆளைக் கேட்பது என்ற விதி நின்றது. உயிரோடு இருக்கிறாரா என்றே கேட்கத் தெரிந்த பெண்தானே, அந்தப் புதுக் கேள்வியையும் அவளே கேட்கட்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

தையல்காரம்மாவை வெளியே அனுப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. அப்பாவைத் தனியாகக் கேட்க வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது. அவருக்கு என்ன தெரியும், மூச்சு விடவே தெரியவில்லை என்றார். அதுதான் புது விதி, அம்மா என்றாள் புள்ளி. கதவுக்கு வெளியே அவர் நிழல் தரையில் நீண்டு, அசையாமல் கிடந்தது.

கண்டக்டர் மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புள்ளி உள்ளதை உள்ளபடி சொன்னாள். முப்பத்தோரு பேருக்குச் செய்தது, ஒரு வருடத்தில் நாலு பேர் இறந்துவிட்டார்கள், ஒருவருக்குக் கை மரத்துப்போனது, ஒருவர் ஏன் செய்தீர்கள் என்று இன்னமும் திட்டுகிறார்.

"நாலு பேர் வழியில எறங்கிட்டாங்க. அவ்வளவுதானே," என்றார் அவர். மூச்சு வாங்கினார். "வேணாம்னா?"

"வீட்டுக்குப் போகலாம். மாத்திரை தருவாங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

"எம் பொண்ணு?"

"அவங்க கோவிச்சுக்குவாங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று புள்ளி எண்ணவில்லை. எண்ணாமல் ஒரு இடத்தில் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், கதவுக்கு வெளியே நிற்கும் நிழலிடம் அதை எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எப்படிச் சொன்னாலும் சரியாக வரவில்லை.

"படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்தே தூங்கறேன்," என்றார் கடைசியில். "நான் உக்காந்து தூங்கறேன்னு எம் பொண்ணும் உக்காந்தே தூங்குது. ஏழு மாசமாச்சு. எனக்கு நூறு வயசெல்லாம் வேணாம். ஒரு நாள் நீட்டிப் படுக்கணும். வெக்கச் சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை ஒரு மணி நேரத்தில் வைத்தார்கள். அன்று மாலையே அவருடைய இதயத் துடிப்பு அவ்வப்போது நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்ததால், சனிக்கிழமை ஒரு பேஸ்மேக்கரும் வைக்க வேண்டிவந்தது. புள்ளி இரண்டையும் எழுதினாள். செவ்வாய்க்கிழமை அவரை நடக்க வைத்துப் பார்த்தார்கள். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்று அளக்கும் சோதனை. மூன்றாவது மாடி நடைபாதையில் இரு முனையிலும் கோடு போட்டு, கையில் கடிகாரத்தோடு புள்ளி கூடவே நடந்தாள்.

ஜன்னல் தாண்டியது. தண்ணீர் கேன் தாண்டியது. நர்ஸ் மேசையில் அவர் நிற்காமல் போனதைப் பார்த்து நர்ஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். இரண்டாவது நிமிடத்தில், நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்ற பயிற்சி டாக்டர்கள் மூன்று பேரை உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார். நாலாவது நிமிடத்தில் சட்டென்று நின்றார்.

மூச்சு முட்டுகிறதா என்று புள்ளி கேட்டாள். இல்லை என்று தலையை அசைத்தார். நெஞ்சு வலிக்கிறதா? இல்லை. அவர் சுவரோரப் பலகையைக் கை காட்டினார். அங்கே தையல்காரம்மா காலை நீட்டி, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, கைப்பையைத் தலைக்கு வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குங்க," என்று புள்ளி கடிகாரத்தைக் காட்டினாள்.

"மெதுவாப் பேசு," என்றார் அவர். பலகைக்கு முன்னால், பேருந்தில் நிற்பது போலக் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார். தூரத்தில் தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று வந்தது. உள்ளங்கையைக் காட்டி அதை நிறுத்தினார்.

ஆறு நிமிடம் முடியும்வரை அவர் அசையவில்லை. நூற்று எழுபத்திரண்டு மீட்டர். பாதியில் நிறுத்தினால் அதற்கான காரணத்தைக் குறிக்கப் படிவத்தில் நாலு கட்டங்கள் இருந்தன: மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கால்வலி, தலைச்சுற்றல். நாலையும் காலியாக விட்டுவிட்டு, புள்ளி கீழே எழுதினாள்: மகள் தூங்கியதால்.